ஈரக்காற்றிலிருந்து மின்சாரம் – ஒரு ஜெல்லியின் கதை

மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்தால் என்ன தெரியும்? கல் உப்பு கசிந்து, அடியில் தண்ணீர் கட்டி நிற்கும். யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றில் இருந்த ஈரத்தை உப்பே இழுத்துக் கொண்டது. இந்தச் சமையலறைத் தொல்லையை வைத்துத்தான் இன்றைக்கு சிங்கப்பூரிலும் சீனாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் எடுக்கப் பார்க்கிறார்கள். உப்பைப் பிடித்து வைக்க ஒரு ஜெல்லி, இரண்டு பக்கமும் கம்பி... அவ்வளவுதான் கருவி!

கேட்க மாயாஜாலம் மாதிரி இருக்கும். ஆனால் இந்த ஆசை ரொம்பப் பழையது. 1782-ல் பாரிஸ் நகரத்துக்குப் போயிருந்த வோல்ட்டா (ஆமாம், மின்கலம் கண்டுபிடித்த அதே வோல்ட்டாதான், ஆனால் அது நடக்க இன்னும் 18 வருடம் இருந்தது), லவாய்சியே, லாப்லாஸ் ஆகியோருடன் சேர்ந்து ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்த்தார். தண்ணீர் ஆவியாகும்போது மின்சாரம் பிறக்கிறதா? பிறக்கிறது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். இடி மின்னலுக்குக் காரணம் கடலிலிருந்து கிளம்பும் நீராவிதான் என்று ஒரு கணக்கு. அந்த நம்பிக்கை ஐரோப்பாவில் பல காலம் நீடித்தது.

அடுத்த திருப்பம் விஞ்ஞானக் கூடத்தில் நடக்கவில்லை, நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்தது. 1840-ல் இங்கிலாந்தின் நியூகாஸில் பக்கத்தில் ஒரு சுரங்க நீராவி எஞ்சினில் கொதிகலன் கசிந்து கொண்டிருந்தது. எஞ்சின் ஓட்டும் தொழிலாளி ஒரு கையை அந்த ஆவியில் வைத்தபடி, மறு கையால் வால்வின் நெம்புகோலைத் தொடப் போனார். பளிச்சென்று பொறி பறந்தது, கையில் ஷாக்! பேய் பிசாசு என்று பயந்து ஓடாமல் மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்து ஊரைக் கூட்டியிருக்கிறார்கள். செய்தி வில்லியம் ஆம்ஸ்ட்ராங் காதுக்குப் போனது. அவர் விஞ்ஞானி இல்லை, தொழிலால் வக்கீல். ஆனால் வழக்குக் கட்டுகளைவிட இயந்திரங்களில்தான் மனசு. உடனே போய்ப் பார்த்து, ஃபாரடேவுக்குக் கடிதம் எழுதி, பிறகு தானே ஒரு பெரிய கருவியும் செய்தார். கண்ணாடிக் கால்கள் மேல் நிற்கும் கொதிகலன், வரிசையாகக் குழாய்கள், அதிலிருந்து சீறும் ஆவி, கூடவே நீளமான மின்பொறிகள். லண்டனில் காசு கொடுத்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஃபாரடே சும்மா இருப்பாரா? 1843-ல் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சோதித்து முடிவு சொன்னார். காய்ந்த ஆவி மட்டும் போனால் மின்சாரமே வருவதில்லை. ஆவியோடு நுண்ணிய நீர்த்துளிகள் கலந்து குழாய்ச் சுவரில் உரசிக்கொண்டு போனால்தான் வருகிறது. ஆவியாவது காரணமல்ல, உரசல்தான் காரணம். வோல்ட்டாவின் கணக்கு அத்தோடு அடிபட்டது. ஆம்ஸ்ட்ராங் பிறகு பீரங்கி செய்து பெரும் பணக்காரர் ஆனார். 'நீராவி மின்சாரம்' கண்காட்சிப் பொருளாகவே நின்றுவிட்டது.

1867-ல் கெல்வின் பிரபு (அப்போது வில்லியம் தாம்சன்) கிளாஸ்கோவில் இன்னொரு வேடிக்கை செய்தார். இரண்டு குழாய்களிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும், அவ்வளவுதான். எந்தச் சக்கரமும் சுற்றாது. ஆனால் கீழே இருக்கும் பாத்திரங்களுக்கு இடையில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிவிடும். வோல்ட் நிறைய, மின்னோட்டம் மிகக் கொஞ்சம். இந்தக் குறை கடைசி வரை நம் கதையை விடாமல் துரத்தும், ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

ஈரம் இப்படி என்றால், வெப்பத்தின் கதை தனி. 1821-ல் பெர்லினில் ஸீபெக் இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த திசைகாட்டி முள் திரும்பியது. அவர் அதைக் காந்தம் என்றே சொல்லிக் கொண்டிருந்தார். மின்சாரம் என்று சரியாகப் புரிந்துகொண்டு பெயர் வைத்தவர் டென்மார்க்கின் அயெர்ஸ்டெட். இந்த வழி ஈரத்தைவிட நன்றாகவே பிழைத்தது. 1950-களில் சோவியத் யூனியனில் மின்கம்பி எட்டாத கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் ரேடியோ பாடியது. விளக்கின் புகைபோக்கியைச் சுற்றி உலோகத் துண்டுகள், அதிலிருந்து ரேடியோவுக்கு வயர். வெளிச்சமும் ஆச்சு, பாட்டும் ஆச்சு! 1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களுக்கும் இதே தத்துவம்தான், விளக்குக்குப் பதில் புளுட்டோனியம்.

ஆனால் இதற்கெல்லாம் நல்ல சூடு வேண்டும். ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான டிகிரி, இன்னொரு பக்கம் குளிர். மனித உடம்பின் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் இருக்கும் சில டிகிரி வித்தியாசத்தில் உலோகத் துண்டுகள் தருவது மிகச் சொற்பம். அறை வெப்பத்தில் பேர்போன பிஸ்மத் டெல்லுரைடு கூட ஒரு டிகிரிக்கு சுமார் 0.2 மில்லிவோல்ட்தான் தரும். வேறு பொருள் தேவைப்பட்டது. அந்தப் பொருள் வந்த வழிதான் இந்தக் கதையிலேயே சுவாரஸ்யமான பகுதி. மின்சாரத்துக்கும் அதற்கும் அப்போது ஒரு சம்பந்தமும் கிடையாது.

செக்கோஸ்லோவாக்கியாவில் ஓட்டோ விக்டெர்லே என்று ஒரு வேதியியல் பேராசிரியர். 1952-ல் ஒரு ரயில் பயணத்தில் பக்கத்தில் இருந்தவர் கண் மருத்துவப் பத்திரிகை படித்துக் கொண்டிருந்தார். அதில் உலோகத்தில் செய்த கண் உறுப்பு பற்றி விளம்பரம். கண்ணில் போய் உலோகத்தை வைப்பார்களா, தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று இருக்கும் ஒரு பிளாஸ்டிக்கை வைத்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளுமே என்று பேச்சு ஓடியது. பேச்சோடு விடாமல் டிராஹோஸ்லாவ் லீம் என்ற உதவியாளரோடு சேர்ந்து அதைச் செய்தும் பார்த்தார். 1960-ல் 'நேச்சர்' இதழில் இருவரும் எழுதிய கட்டுரைதான் ஹைட்ரோஜெல் என்ற துறைக்கே பிள்ளையார் சுழி.

ஹைட்ரோஜெல் என்றால் என்ன? சப்ஜா விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் சுற்றிலும் கண்ணாடி மாதிரி ஒரு கூழ் உருவாகுமே, அதுதான். நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் வலை போலப் பின்னிக் கொண்டிருக்கும், அந்த வலைக்குள் தண்ணீர் மாட்டிக் கொள்ளும். தொட்டால் திடப்பொருள், உள்ளே பார்த்தால் பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் இருப்பதால் உப்பின் அயனிகள் உள்ளே தாராளமாக நடமாடலாம். இதுதான் பின்னால் மின்சாரக்காரர்களுக்குப் பிடித்துப்போன குணம்.

விக்டெர்லேக்கு அப்போது அந்த எண்ணமெல்லாம் இல்லை. அவருக்கு வேண்டியது மென்மையான கான்டாக்ட் லென்ஸ். 1958-ல் அரசியல் காரணங்களுக்காக அவரைக் கல்லூரியிலிருந்து வெளியேற்றினார்கள். புது ஆராய்ச்சிக் கூடத்தில் வேலையைத் தொடர்ந்தால், 1961-ல் சுகாதார அமைச்சகம் லென்ஸ் ஆராய்ச்சிக்கே மூடுவிழா நடத்திவிட்டது. அச்சில் ஊற்றி எடுக்கும் லென்ஸ்களின் ஓரம் கிழிந்துகொண்டே இருந்தது, இது உருப்படாது என்பது மேலிடத்துத் தீர்ப்பு.

மனிதர் வீட்டுக்குப் போனார். 1961 கிறிஸ்துமஸ் சமயம். பிள்ளைகளின் 'மெர்குர்' விளையாட்டுப் பெட்டியிலிருந்த இரும்புத் துண்டுகளைத் திருகி ஒரு சின்ன யந்திரம் செய்தார். சைக்கிள் டைனமோவை மோட்டாராக்கி, அழைப்பு மணி டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டினார். சுற்றும் அச்சில் திரவத்தை ஊற்ற, அது சுழற்சியில் தானாகவே விளிம்பு வரை ஏறி, ஓரம் கிழியாத லென்ஸாக உறைந்தது. சமையலறை மேஜையில் நாலு லென்ஸ் ரெடி! அடுத்த சில மாதங்களில் அவரும் மனைவி லிண்டாவும் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள்.

இதற்குப் பின் நடந்ததுதான் வணிகவியல் மாணவர்கள் யாரானாலும் படிக்க வேண்டிய பாடம். காப்புரிமை அரசாங்கத்தின் கையில். 1965-ல் அதை அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு விற்றார்கள். அங்கிருந்து பாஷ் அண்ட் லோம்ப் கைக்குப் போய், 1971-ல் அமெரிக்க அரசின் அனுமதியோடு கடைக்கு வந்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் கண்ணில் இன்று இருப்பது அதன் வாரிசுகள்தான். கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது அந்த வியாபாரத்தில் தூசு கூட இல்லை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வந்தது என்பது வேண்டுமானால் ஆறுதல். அதற்குள் 1968 வந்து, சீர்திருத்தம் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களில் விக்டெர்லேயும் ஒருவர் என்பதால் 1970-ல் இயக்குநர் பதவியும் பறிபோனது. ஆட்சி மாறிய பிறகு 1990-ல் அதே நாட்டின் அறிவியல் கழகத்துக்குத் தலைவர் ஆக்கினார்கள். அப்போது வயது 76. 1998-ல் இறந்தார். ஒரு விண்கல்லுக்கு அவர் பெயர் இருக்கிறது.

லென்ஸுக்குப் பிறகு ஜெல்லி பல வேஷம் போட்டது. 1970-களில் அமெரிக்க விவசாயத் துறை சோள மாவிலிருந்து தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு தண்ணீர் குடிக்கும் பொருளைச் செய்தது. அந்த வகைப் பொருட்கள் பிறகு குழந்தைகளின் டயாப்பருக்குள் போயின. 1978-ல் எம்.ஐ.டி.யின் டொயோய்ச்சி டனாகா, வெப்பம் கொஞ்சம் மாறினாலே ஜெல் சட்டென்று சுருங்குவதைக் காட்டினார். இதெல்லாம் தனித்தனிக் கதை, விட்டுவிடுவோம்.

மின்சாரப் பக்கம் மறுபடி உயிர் வந்தது 2010-ல். பிரேசிலின் காம்பினாஸ் பல்கலைக்கழகத்தின் ஃபெர்னான்டோ கலெம்பெக், பாஸ்டனில் நடந்த அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில், ஈரக்காற்றில் வைத்த நுண்துகள்கள் மின்னூட்டம் பெறுகின்றன என்று அறிவித்தார். சிலிக்கா ஒரு வகை மின்னூட்டம், அலுமினியம் பாஸ்பேட் அதற்கு எதிர் வகை. கூரை மேல் சூரியத் தகடு மாதிரி ஈரத் தகடு வைக்கலாம் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. கூரைக்கு எதுவும் வரவில்லை. ஆனால் பழைய வோல்ட்டா கேள்வியை வேறு விதத்தில் எழுப்பிவிட்டார். 2015-ல் சீனாவில் லியாங்டி சூவின் குழு கிராஃபீன் ஆக்ஸைடு படலத்தில் ஈரக்காற்று பட்டவுடன் மின்சாரம் வருவதைக் காட்டியது.

அப்புறம் 2020. அந்த ஒரே வருடத்தில் மூன்று முக்கியமான கட்டுரைகள் வந்தன.

முதலாவது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம், ஆம்ஹர்ஸ்ட். அங்கே டெரெக் லவ்லி என்ற நுண்ணுயிரியலாளர் 1987-ல் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து பிடித்த ஜியோபாக்டர் வகை பாக்டீரியாக்கள் புரதத்தில் நுண்ணிய கம்பிகளை நூற்கின்றன. அதே வளாகத்தின் மின்பொறியாளர் ஜுன் யாவோவின் கூடத்தில் அந்தக் கம்பிகளை வைத்து வேறு எதற்கோ சென்ஸார் செய்து கொண்டிருந்தபோது, வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்காமலே கருவியில் மின்னோட்டம் தெரிந்தது. 7 மைக்ரோமீட்டர் தடிமன் படலம், சுமார் 0.5 வோல்ட், சதுர சென்டிமீட்டருக்கு 17 மைக்ரோஆம்பியர். படலத்தின் மேல் பக்கம் ஈரம் அதிகம், அடிப்பக்கம் குறைவு. அந்த வித்தியாசம்தான் மின்னழுத்தம். 2023-ல் இன்னொரு படி போனார்கள். பாக்டீரியாவே தேவையில்லை, 100 நானோமீட்டருக்கும் சிறிய ஓட்டைகள் இருந்தால் பல பொருட்களில் இது நடக்கும் என்றார்கள்.

இரண்டாவது, சீனாவின் ஷென்ஜென் நகர விஞ்ஞானிகளும் எம்.ஐ.டி.யின் காங் சென்னும் சேர்ந்து செய்தது. இது வெப்பத்துக்கான ஜெல். பொருள் என்ன தெரியுமா? ஜெலட்டின்! ஜெல்லி மிட்டாய் செய்யும் அதே சரக்கு. அதற்குள் பொட்டாசியம் குளோரைடு உப்பையும், ஃபெர்ரோசயனைடு, ஃபெர்ரிசயனைடு என்ற ஜோடியையும் கலந்தார்கள். (சயனைடு என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஃபெர்ரோசயனைடு பல நாடுகளில் சமையல் உப்பு கட்டி தட்டாமல் இருக்கச் சிறிதளவு சேர்க்கப்படுவதுதான்.) ஒரு பக்கம் சூடானால் அங்கே ஒன்று எலெக்ட்ரானைக் கொடுத்து மற்றொன்றாக மாறும், குளிர்ந்த பக்கத்தில் அது திரும்ப வாங்கிக் கொள்ளும். கூடவே உப்பின் அயனிகளும் சூட்டுக்கும் குளிருக்கும் இடையில் ஓடும். ஒரு டிகிரிக்கு 17 மில்லிவோல்ட் கிடைத்தது. மேலே சொன்ன பிஸ்மத் டெல்லுரைடின் 0.2-ஐ ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். 25 துண்டுகளைக் கோர்த்து உடம்புச் சூட்டில் வைத்தபோது 2 வோல்ட்டுக்கு மேல் வந்தது.

மூன்றாவதைக் கடைசியில் பார்ப்போம்.

2022-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஈரத்துக்கான ஜெல்லைத் துணியில் கொண்டு வந்தது. 0.3 மில்லிமீட்டர் தடிமன் துணி, அதில் கார்பன் மை, ஒரு பகுதியில் மட்டும் கடல் உப்பு கலந்த ஹைட்ரோஜெல். ஜெல் தடவிய பக்கம் காற்றின் ஈரத்தைக் குடித்து எப்போதும் நனைந்திருக்கும், மறுபக்கம் காய்ந்திருக்கும். நனைந்த பக்கத்திலிருந்து அயனிகள் நகர, சுமார் 0.7 வோல்ட் 150 மணி நேரத்துக்கும் மேல் நின்றது. மூன்று துண்டுகளைச் சேர்த்தால் 1.96 வோல்ட். கடையில் வாங்கும் சாதாரண பேட்டரி 1.5 வோல்ட்தான்.

ஆஹா, இனி கரண்ட் பில் கிடையாது என்று கிளம்பிவிடாதீர்கள். கொஞ்சம் கணக்குப் போடலாம். ஜெலட்டின் கருவியின் 25 துண்டுகளும் சேர்ந்து கொடுத்த உச்ச சக்தி 5 மைக்ரோவாட். அது ஒரு வருடம் இடைவிடாமல் அதே உச்சத்தில் ஓடுகிறது என்றே வைத்துக் கொள்வோம். மொத்தம் 0.044 வாட்-மணி. ஒரு செல்போன் பேட்டரியில் சுமார் 15 வாட்-மணி இருக்கும். அதை ஒரு தடவை நிரப்ப 340 வருடம் ஆகும்! மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட் தயாரிக்க 22,000 வருடத்துக்கு மேல். யூனிட் 5 ரூபாய் என்றால் முதலீடு எப்போது திரும்பும் என்று கணக்கிட கால்குலேட்டர் தேவையில்லை. கெல்வினின் சொட்டுத் தண்ணீர் மாதிரியேதான். வோல்ட் வருகிறது, ஓட்டம் வருவதில்லை.

இயற்கை விதி ஒன்றும் குறுக்கே நிற்கிறது. சுற்றிலும் ஒரே வெப்பம், ஒரே ஈரம் என்றால் அதிலிருந்து வேலை வாங்க முடியாது. 1824-லேயே கார்னோ இதற்கு அடித்தளம் போட்டுவிட்டார். வித்தியாசம் வேண்டும். பகலுக்கும் இரவுக்கும், உடம்புக்கும் காற்றுக்கும், நனைந்த பக்கத்துக்கும் காய்ந்த பக்கத்துக்கும். ஜெல் முழுக்க ஒரே சீராக நனைந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இன்னொரு சந்தேகமும் உண்டு. சில கருவிகளில் அலுமினியம் மாதிரி எளிதில் அரிக்கும் உலோகத்தை மின்வாயாக வைத்து அதிக வோல்ட் காட்டுகிறார்கள். ஈரமான உப்பு ஜெல்லுக்குப் பக்கத்தில் அலுமினியம் என்றால் அது வோல்ட்டாவின் மின்கலம்தானே? உலோகம் கரையும் வரை மின்சாரம் வரும். அதைக் காற்றின் வருமானமாகக் கணக்கில் எழுதுவது, மூலதனத்தை எடுத்து லாபம் என்று காட்டுவது போல. இந்தக் கேள்வியைத் துறைக்குள் இருப்பவர்களே எழுப்புவது நல்ல அறிகுறி.

அப்படியானால் யாருக்குத்தான் பயன்? மின்சாரத்தின் விலையைவிட பேட்டரி மாற்றும் ஆள் கூலி அதிகமாக இருக்கும் இடங்களுக்கு. பாலத்தின் அடியில் விரிசல் பார்க்கும் சென்ஸார், வயலில் ஈரம் பார்க்கும் சென்ஸார், உடம்பில் ஒட்டும் நாடித்துடிப்புப் பட்டை. இவை பெரும்பாலான நேரம் தூங்கும், எப்போதாவது விழித்து ஒரு எண்ணை அனுப்பிவிட்டுத் திரும்பத் தூங்கும். அவற்றுக்கு மைக்ரோவாட்டுகள் போதும்.

இப்போது அந்த மூன்றாவது கட்டுரை. 2020-ல் வூஹான் பல்கலைக்கழகத்தின் காங் லியூ குழு ஒரு ஜெல் படலத்தைச் செல்போன் பேட்டரி மேல் ஒட்டியது. உள்ளே அதே ஃபெர்ரோசயனைடு ஜோடி, கூடவே ஈரம் இழுக்கும் லித்தியம் புரோமைடு உப்பு. பேட்டரி வேகமாக வேலை செய்து சூடேறும்போது ஜெல்லிலிருந்து தண்ணீர் ஆவியாகிச் சூட்டை எடுத்துப் போகும், மண்பானை தண்ணீரைக் குளிர்விக்கும் அதே வேலை. கூடவே கொஞ்சம் மின்சாரமும் தரும். கிடைத்த மின்சாரம் இங்கேயும் 5 மைக்ரோவாட்தான். ஆனால் பேட்டரியின் வெப்பம் 20 டிகிரி குறைந்தது. பேட்டரியின் ஆயுளுக்கு அந்த 20 டிகிரி எவ்வளவு பெரிய விஷயம் என்பது கோடையில் போன் கொதித்து அணைந்து போனவர்களுக்குத் தெரியும். மின்சாரம் இங்கே உபரிப் பொருள், எண்ணெய் ஆட்டும் செக்கில் புண்ணாக்கு மாதிரி. வேலை முடிந்து சூடு தணிந்ததும், வற்றிப்போன ஜெல் அறைக்காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மறுபடி பழைய கனத்துக்கு வந்துவிடுகிறது. யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.